பிழையும் பிழைப்பும் – நுரையீரற் புற்றுநோயும் படியெடுக்கும் நொதிகளும்

வைகையின் வடகரையில் அமைந்த செல்லூர், தறியோசையால் பெயர்பெற்ற பகுதி. அங்குத் தறிக்கூடம் ஒன்றின் திண்ணையில் அமர்ந்திருந்த நெசவாளப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. "வாத்தியாரய்யா, நானும் என் சேக்காளியும் இதே கூடத்துல நாப்பது வருசம் பீடி குடிச்சோம். அவருக்கு நுரையீரல்ல புத்து வந்து போய்ச் சேர்ந்துட்டாரு. நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். பீடிதான் காரணம்னா எனக்கு ஏன் வரல? எல்லாம் அவனவன் தலையெழுத்துதானே?" என்றார் அவர்.

எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது. ஊர்ப் பெரியோர் பலரும், புகை கூடாது என்று அறிவுரை கூறப்படும்போதெல்லாம், தொண்ணூறு வயதுவரை புகைத்து வாழ்ந்த பாட்டனார் ஒருவரை எடுத்துக்காட்டி இதனையே வினவுகின்றனர். அவ்வினாவுக்கு அறிவியல் தரும் விடை வியப்பானது. 'தலையெழுத்து' என்னும் சொல்லில் உள்ள 'எழுத்து' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், பெரியவர் கூற்றில் பாதி உண்மை இருக்கின்றது. நம் உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் எழுத்து உண்டு. அதனைப் படியெடுப்போர் உண்டு. படியெடுப்பில் பிழையும் உண்டு. அப்பிழை எங்ஙனம் நேர்கின்றது, யாரால் நேர்கின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஏடும் படியும்

அச்சு வருவதற்கு முன்னர் நம் இலக்கியங்கள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டே வாழ்ந்தன என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். பனையோலை சில நூற்றாண்டுகளில் மட்கிவிடும். படியெடுப்பார் இல்லாத நூல் மாண்டுபோகும். செல்லூருக்கு நேர் எதிரே, ஆற்றின் தென்கரையில், 1901-ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஏடுகளைத் தேடித் தொகுத்ததும், உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளை ஒப்பிட்டதும் இதன்பொருட்டே. ஒரே பாட்டுக்குப் பல பாடங்கள் இருப்பது ஏன்? எழுதியவன் கை பிழைத்தது. அடுத்தவன் அப்பிழையையே மூலமாகக் கொண்டு எழுதினான். பாடவேறுபாடு என்பது படியெடுத்தோரின் பிழைகள் விட்டுச்சென்ற தடமே.

நம் உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துகளால் ஆகிய ஏடு. மனிதனின் ஒரு தொகுதி குரோமோசோம்களில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கி நிற்க, அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் அமைகின்றன. 1953-ஆம் ஆண்டு வாட்சனும் கிரிக்கும் இவ்வமைப்பை வெளியிட்டனர். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் இவ்வேடு முழுவதும் படியெடுக்கப்பட்டாக வேண்டும். அப்பணியைச் செய்யும் நொதியே டி.என்.ஏ. பாலிமரேஸ். 1956-இல் ஆர்தர் கோர்ன்பர்க் பாக்டீரியாவிலிருந்து முதன்முதலாக இதனைப் பிரித்தறிந்து, 1959-இல் நோபல் பரிசு பெற்றார்.

முறையான படியெடுப்பு நொதிகளின் கவனம் எந்த ஏடெழுதுவோனுக்கும் வாய்க்காதது. எழுத்தைத் தேர்ந்து வைக்கும்போது ஏறத்தாழ இலட்சத்தில் ஒருமுறை தவறுகின்றன. ஆயினும் வைத்த எழுத்தைத் திரும்பிப் பார்த்துத் தவறாயின் வெட்டியெறியும் ஆற்றலும் அவற்றிடமே உண்டு. அதனால் பிழை கோடியில் ஒன்றாகக் குறைகின்றது. அதற்கும் பின்னர், பொருந்தா எழுத்துகளைத் தேடித் திருத்தும் வேறொரு புரதக் கூட்டம் வந்து பார்வையிடுகின்றது. இறுதியில் நிற்கும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்னும் அளவினும் குறைவு. நம் அச்சகங்கள் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கவனம் காட்டினால் மலர் வெளியிடும் துறைகள் பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டவேண்டிய நிலை வாராது!

செல்லரித்த இடம்

இத்துணைக் கவனமுள்ள நொதிக்கு ஒரு குறை உண்டு. மூல ஏடு பழுதுற்ற இடத்தில் அது நின்றுவிடும். கதிரவனின் புறஊதாக் கதிர், புகையிலுள்ள நச்சுப்பொருள், உடலின் இயல்பான வேதிவினைகள் ஆகியன ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.யிலும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் சிதைவுகளை உண்டாக்குகின்றன. பெரும்பாலானவற்றை உயிரணு செப்பனிட்டுவிடுகின்றது. செப்பனிடுமுன் படியெடுப்பு தொடங்கிவிட்டால் என் செய்வது? செல்லரித்த இடத்தில் எழுத்து தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன் என்று எழுத்தாணியைக் கீழே வைத்துவிடும் புலவனைப் போல அந்நொதி நின்றுவிடுகின்றது. படியெடுப்பு பாதியில் நின்றால் உயிரணு மடியும்.

அப்பொழுது வேறொருவன் அழைக்கப்படுகின்றான். அவனுக்குப் புலமை குறைவு. ஆனால் துணிவு மிகுதி. அரித்த இடத்தில் இன்ன எழுத்து இருந்திருக்கலாம் என்று ஊகித்து ஒன்றை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவான். பின்னர்ப் புலவன் மீண்டும் வந்து பணியைத் தொடர்வான். பிழைமலிந்த படியெடுப்பு நொதிகள் என்று இன்று அழைக்கப்படுவன இத்தகையனவே. மனித உயிரணுவில் பதினான்குக்குக் குறையாத பாலிமரேஸ்கள் உள்ளன. அவற்றுள் ஈட்டா, அயோட்டா, கப்பா, ரெவ்-1 என்னும் நான்கும் ஒரு குடும்பம். சீட்டா என்பது அவற்றோடு சேர்ந்து உழைப்பது. சிதைந்த எழுத்தும் நுழையுமாறு இவற்றின் உட்குழி அகன்றும் நெகிழ்ந்தும் இருக்கின்றது. முற்கூறிய நான்கிற்கும் திரும்பிப் பார்த்து வெட்டும் திறன் இல்லை. சிதைவில்லாத நல்ல ஏட்டைக் கொடுத்தாலும் நூற்றுக்கொன்று, ஆயிரத்துக்கொன்று என்று தவறும் இயல்பின. அயோட்டாவோ தைமினுக்கு எதிரே அடினைனை வைப்பதைவிடக் குவானைனையே விரும்பி வைக்கின்றது.

இங்கே நம் மொழியின் ஒரு சொல்லை நினையாமல் இருக்க முடியவில்லை. 'பிழைத்தல்' என்பதற்குத் தவறுதல் என்றும் பொருள். சாவினின்று தப்பி உயிர் வாழ்தல் என்றும் பொருள். ஆட்சியில் தவறியவர்க்கு அறமே எமனாகும் என்னும் கருத்தைக் கூறுமிடத்தில் சிலப்பதிகாரம் தவறுதலைக் குறிக்க ஆண்டதும் இச்சொல்லே. நோயாளி தேறினான் என்பதைச் செல்லூர்த் தெருவில் இன்று குறிப்பதும் இச்சொல்லே. இந்நொதிகளைப் பொறுத்தவரை இரு பொருளும் ஒரே செயலில் அமைந்துள்ளன. உயிரணு பிழைப்பதற்காக நொதி பிழைக்கின்றது.

இது வெறும் சொல்விளையாட்டன்று. ஈட்டா என்னும் நொதி பழுதுற்றுப் பிறப்போர் உளர். அவர்தம் தோல் வெயிலைத் தாங்காது. தோற்புற்றுநோய் அவர்களை எளிதில் பற்றும். புறஊதாக் கதிரால் ஒட்டிக்கொண்ட இரு தைமின்களுக்கு எதிரே ஈட்டா பெரும்பாலும் சரியான எழுத்தையே வைக்கின்றது என்பதும், அந்நோய்க்கு அதன் குறைவே காரணம் என்பதும் 1999-ஆம் ஆண்டு தெரியவந்தன. ஜப்பானில் ஹனாவோகாவின் குழுவும், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சத்யபிரகாஷ், லூயி பிரகாஷ் தம்பதியரின் குழுவும் இதில் முன்னின்றன. பிழைக்கும் நொதியே காக்கும் நொதியுமாயிற்று.

பல்கலை நகரில் ஒரு பாக்டீரியா

இவ்வாராய்ச்சி வரலாற்றில் நம் மதுரைக்கும் ஓர் இடமுண்டு என்பதை மாணவர் பலர் அறியார். அதனைச் சொல்ல ஜான் கெய்ர்ன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரிடமிருந்து தொடங்க வேண்டும்.

1969-இல் கெய்ர்ன்ஸும் டி லூசியாவும், கோர்ன்பர்க் கண்ட நொதி ஏறக்குறைய முற்றும் செயலிழந்த எ.கோலை பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்தனர். அது சாகவில்லை, நன்றாகவே பெருகியது. எனின், ஏட்டைப் படியெடுப்போர் வேறு சிலரும் உள்ளே இருத்தல் வேண்டும் என்பது உறுதியாயிற்று. தேடல் தொடங்கியது. அதே கெய்ர்ன்ஸ் 1988-இல் வேறொரு புயலைக் கிளப்பினார். பாற்சர்க்கரையைச் செரிக்க இயலாத பாக்டீரியாவைப் பாற்சர்க்கரை மட்டுமே உள்ள தட்டில் வைத்தால், அது பெருக முடியாமல் பட்டினி கிடக்கின்றது. ஆயினும் சில நாள்களில், அச்சர்க்கரையைச் செரிக்கவல்ல மாற்றுருக்கள் தோன்றுகின்றன. தேவை வந்தபின் மாற்றம் வருகின்றதோ என்னும் ஐயத்தை அவர் எழுப்ப, அறிவியல் உலகம் இரண்டுபட்டது.

நகருக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால், தேனிச் சாலையில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் பேராசிரியராக விளங்கிய ஆர். ஜெயராமன் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். எ.கோலையில் இத்தகைய மாற்றங்கள் இரண்டு வழிகளில் நிகழ்கின்றன என்பதற்கும், அவற்றை மியூட்-எஸ், மியூட்-எல் என்னும் மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன என்பதற்கும் மரபியற் சான்று காட்டி 1992-இல் 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழில் அவர் கட்டுரை வெளியிட்டார். மேலே கூறிய, பொருந்தா எழுத்தைத் தேடித் திருத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவையே அவ்விரு மரபணுக்களும். பிழை நேர்வது ஒரு பாதி. நேர்ந்த பிழை திருத்தப்படாமல் விடப்படுவது மறுபாதி என்பது இத்தகைய ஆய்வுகளால் துலங்கியது.

பின்னர் 1999-இல் எ.கோலையின் நான்காம், ஐந்தாம் பாலிமரேஸ்கள் அடையாளங்காணப்பட்டன. இரண்டுமே பிழைமலிந்தவை. பட்டினி கிடக்கும் பாக்டீரியாவில் தோன்றும் மாற்றங்களுக்கு அந்நான்காம் பாலிமரேஸ் தேவை என்பது 2001-இல் வெளியாயிற்று. அதற்கு நேரான மனித நொதி எது? கப்பா. அதே 2001-ஆம் ஆண்டு, நுரையீரற் புற்றுத்திசுக்களில் கப்பா அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகின்றது என்று ஜப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். கண்ணாடித் தட்டில் கிடந்த நுண்ணுயிரின் கதை மனிதனின் மார்புக்கூட்டினுள் புகுந்தது.

புகையும் எழுத்தும்

இலையோ, விறகோ, காகிதமோ எது முற்றும் எரியாமல் புகைந்தாலும் அப்புகையில் பென்சோபைரீன் என்னும் பொருள் தோன்றுகின்றது. 1930-களில் இலண்டனில் நிலக்கரித் தாரிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. சிகரெட்டுப் புகையில் உண்டு. பீடிப் புகையில் உண்டு. 'காகிதம் இல்லை, இலைதானே' என்று பீடியை எளிதாக எண்ணுவோர் நம்மிடையே மிகுதி. பீடியின் தாரும் நிகோடினும் சிகரெட்டினும் குறைந்தவை அல்ல.

பென்சோபைரீன் தானே டி.என்.ஏ.யைத் தாக்குவதில்லை. நஞ்சை வெளியேற்ற முயலும் நம் உடலின் நொதிகளே அதனைக் கரையச் செய்ய முற்பட்டு, இடைவழியில் அதனைக் கூரிய ஆயுதமாக மாற்றிவிடுகின்றன. அவ்வடிவம் குவானைன் எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கின்றது. ஏட்டின் மேல் மெழுகு உருகி விழுந்தாற்போல எழுத்து மறைகின்றது. முறையான நொதி வந்து நிற்கின்றது. ஊகித்தெழுதுவோர் அழைக்கப்படுகின்றனர்.

யார் வருகின்றார் என்பதில்தான் எல்லாம் இருக்கின்றது. கப்பா வந்தால், மெழுகுக்குக் கீழே குவானைன் இருப்பதை உணர்ந்தாற்போல எதிரே சைட்டோசினையே பெரும்பாலும் வைக்கின்றது. கப்பா இல்லாத எலி உயிரணுக்களுக்குப் பென்சோபைரீன் கொடுத்தபோது அவை மிகுதியாக மடிந்தன. எஞ்சியவற்றில் பிழையும் மிகுந்தது. இது 2002-இல் கண்டறியப்பட்டது. ஈட்டா வந்தாலோ, வெயிற்சிதைவில் அத்துணைத் திறமை காட்டிய அதே நொதி, இங்கே பெரும்பாலும் அடினைனை வைத்துவிடுகின்றது. அடுத்த படியெடுப்பில் அவ்வடினைனுக்கு எதிரே தைமின் அமைகின்றது. குவானைன் இருந்த இடத்தில் தைமின்! புகைப்போரின் நுரையீரற் புற்றில் மிகுந்து காணப்படும் எழுத்துமாற்றம் இதுவே.

ஆயின், கப்பா காப்பவனாயின் புற்றுத்திசுவில் அது மிகுந்திருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றும். அளவும் இடமும் மாறினால் பண்பும் மாறுகின்றது. மெழுகு விழுந்த இடத்தில் கைதேர்ந்த கப்பா, நல்ல எழுத்துள்ள இடத்தில் கைகாரன் அல்லன். அளவுக்கு மிஞ்சிப் பெருகி, அழைப்பின்றியே ஏட்டில் அமர்ந்துவிட்டால், சிதையாத பகுதியிலும் பிழையைப் பரப்பும். எலி உயிரணுக்களில் இந்நொதியைச் செயற்கையாகப் பெருக்கியபோது எழுத்துமாற்றங்கள் கூடின. அயோட்டாவின் கதை இன்னும் சிக்கலானது. யூரித்தேன் என்னும் வேதிப்பொருளால் எலிகளுக்கு நுரையீரற் கட்டி வருவிக்கும் ஆய்வுகளில், கட்டியை எதிர்க்கும் மரபணு எது என்று தேடியவர்கள் 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அயோட்டாவின் மரபணுவைச் சுட்டினர். தைமினுக்கு எதிரே தவறாக எழுதும் அதே நொதி, எலியின் நுரையீரலுக்குக் காவலாகவும் இருக்கக்கூடும் என்பது அதன் பொருள். 'நல்ல நொதி', 'தீய நொதி' என்று பிரித்துக் கூறும் பாடப்புத்தகங்களை நாம் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

பிழை எங்கு விழுந்தால் கேடு? 300 கோடி எழுத்துகளில் பெரும்பகுதி, ஓர் எழுத்து மாறினும் உயிரணுவின் நடத்தையை மாற்றுவதில்லை. ஆனால் பி-53 என்னும் புரதத்துக்குரிய பகுதி அத்தகையதன்று. பழுதுற்ற உயிரணுவைப் பெருகவிடாமல் தடுக்கும் காவல் அது. 1996-இல் கெர்டு பைஃபர் முதலிய ஆய்வாளர்கள் மனித உயிரணுக்களில் பென்சோபைரீனின் கூரிய வடிவத்தைச் செலுத்தி, அது எங்கெங்கு ஒட்டுகின்றது என்று பார்த்தனர். அப்புரதத்தின் 157, 248, 273-ஆவது அமினோ அமிலங்களுக்குரிய எழுத்துகளில் அது மிகுதியாக ஒட்டியது. நுரையீரற் புற்றுநோயாளிகளிடம் பி-53 மாறியிருக்கும் இடங்களும் அவையே. புகைக்கும் புற்றுக்கும் உள்ள உறவு அதுவரை கணக்கெடுப்பால் அறியப்பட்டிருந்தது. அன்று எழுத்தளவில் கையும் களவுமாகப் பிடிபட்டது.

பெரியவருக்கு விடை

2010-இல் நுரையீரற் புற்றுநோயாளி ஒருவரின் புற்றணுக்களில் இருந்த டி.என்.ஏ. முழுவதும் எழுத்தெண்ணிப் படிக்கப்பட்டது. 22,910 எழுத்துகள் மாறியிருந்தன. ஏறத்தாழ 15 சிகரெட்டுக்கு ஒரு மாற்றம் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். நாளும் ஒரு பெட்டி சிகரெட்டை ஓராண்டு புகைப்பவரின் நுரையீரல் உயிரணு ஒவ்வொன்றிலும் 150 மாற்றங்கள் அளவில் சேர்கின்றன என்று 2016-இல் வேறோர் ஆய்வு கூறியது. உயிரணு ஒவ்வொன்றிலும் என்பதை ஊன்றி நோக்குக.

தாயக்கட்டையை உருட்டுகின்றோம். தாயம் விழுவது யார் கையிலும் இல்லை. ஊகித்தெழுதும் நொதி எந்தக் கணத்தில், எந்த எழுத்தில் தவறும் என்பதும் அவ்வாறே. செல்லூர்ப் பெரியவரின் சேக்காளிக்குப் பி-53-லும் அதுபோன்ற வேறு சில இடங்களிலும் பிழைகள் ஒரே உயிரணுவில் கூடின. பெரியவருக்கோ அவை எழுத்து மாறினும் கேடில்லாத இடங்களில் சிதறின. அவர் நுரையீரலிலும் எழுத்துகள் மாறியே இருக்கும். ஏடு கெடவில்லை என்பதன்று, பொருள் கெடவில்லை என்பதே உண்மை. ஆளுக்கு ஆள் செப்பனிடும் திறனில் வேறுபாடும் உண்டு. இம்மட்டில் அவர் கூறிய தலையெழுத்து மெய்யே. ஆனால் கட்டையை எத்தனை முறை உருட்டுவது என்பது தலையில் எழுதப்படவில்லை; அது விரலிடுக்கில் இருந்தது.

அக்கூடத்தில் பீடி குடியாமல் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்களையும் சிறுவர்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் உருட்டாத கட்டை அவர்களுக்காக உருட்டப்படுகின்றது. விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த தாய்மாரின் நிலையும் இதுவே. எனினும், புகைக்காதோருக்கு வரும் நுரையீரற் புற்று பெரும்பாலும் வேறுவகையானது என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. அவ்வகையில் எழுத்துமாற்றங்கள் மிகக் குறைவு. குவானைன் தைமினாகும் புகைத்தடம் அங்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே நோயுற்றவரைக் கண்டவுடன் 'புகைத்திருப்பார்' என்று முடிவுகட்டும் நம் வழக்கம் பலருக்கு அநீதியாகும்.

மருத்துவத்திலும் இந்நொதிகள் குறுக்கிடுகின்றன. நுரையீரற் புற்றுக்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து, புற்றணுவின் டி.என்.ஏ.யைச் சிதைத்தே அதனைக் கொல்கின்றது. சிதைவைத் தாண்டி எழுதும் நொதிகள் புற்றணுவிலும் இருக்கின்றனவே! அவை மருந்தால் விழுந்த சிதைவையும் தாண்டி எழுதிப் புற்றணுவைப் பிழைக்க வைக்கின்றன. போதாக்குறைக்குப் புதிய பிழைகளையும் சேர்த்து மருந்துக்கு மசியாத வகைகளை உண்டாக்குகின்றன. ரெவ்-1 நொதியை இருவர் இருவராகப் பிணைத்துச் செயலறச் செய்யும் ஒரு பொருளை 2019-இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். அதனைச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் கட்டிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. ஆனால் அதே நொதிகள் நல்ல உயிரணுக்களையும் காப்பன அல்லவா? ஏடெழுதுவோன் கையைக் கட்டும்போது எந்த ஏட்டுக்கு எழுதுபவன் என்று பார்த்துக் கட்ட வேண்டிய இக்கட்டு அங்கே இருக்கின்றது.

இவற்றையெல்லாம் இயன்ற அளவு எளிமையாகப் பெரியவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கெட்ட எழுத்து கெட்டதுதானே, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்றார். மாறிய எழுத்து மீளாது என்பது உண்மை. ஆயினும் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வை அவருக்குச் சொன்னோம். பதினாறு பேரின் மூச்சுக்குழாய் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தெண்ணிய ஆய்வு அது. புகைப்பதை விட்டவர்களிடம், புகையே அறியாதவரின் உயிரணுக்களைப் போன்று பிழை குறைந்த உயிரணுக்கள் காணப்பட்டன. புகைத்துக்கொண்டிருப்போரிடம் இருந்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு அவை இருந்தன. சிலரிடம் நூற்றுக்கு நாற்பது வரை அத்தகையனவே. பல்லாண்டு புகைத்தும் எங்கோ கெடாமல் ஒதுங்கியிருந்த சில உயிரணுக்கள், புகை நின்றபின் பெருகி, கெட்டவற்றின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். "ஒதுங்கியிருந்த ஏடா?" என்று கேட்டார் பெரியவர். ஆம் என்றோம். "எனக்குள்ளயும் இருக்குமா?" என்று அடுத்துக் கேட்டார்.